படிவத்தில் இல்லாத இடுப்பு

கட்டிங் மாஸ்டருக்கு வேண்டியிருந்தது ஒரு ஸ்டூல். அவ்வளவுதான். தங்கத்தில் கேட்கவில்லை, மெத்தை வைத்தும் கேட்கவில்லை. நாலு கால், மேலே ஒரு பலகை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் வெட்டு மேசைக்கு முன்னால் இருபத்தாறு வருஷம் நின்றே வேலை பார்த்த மனிதர், இனி கொஞ்சம் உட்கார்ந்து வெட்டலாமே என்று ஆசைப்பட்டுவிட்டார். அந்த ஆசைக்கு அவரை எங்கெல்லாம் கொண்டுபோய் நிற்க வைத்தார்கள் என்பதுதான் கதை.

அவர் வேலை லேசுப்பட்டதல்ல. அறுபது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மேலே வடிவக் காகிதத்தை வைத்து, இடது இடுப்பை மேசை விளிம்பில் அழுத்தி, அந்தப் பக்கம் எட்டி வெட்ட வேண்டும். கை கொஞ்சம் பிசகினால் அறுபது சட்டைக்கு ஒரே நேரத்தில் தோள் கோணும். அவர் கையில் ஒரு தோள்கூடக் கோணியதில்லை. கோணியதெல்லாம் அவருடைய இடுப்புதான். ஆறு மாதமாக, காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் முதல் பத்து அடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். செருப்பின் வாரை மாட்டக் குனிய முடியாமல், மனைவி மாட்டிவிட்டாள்.

மானேஜர் கண்ணாடி அறையில் இருந்தார். மாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் உருகிப்போனார்.

"ஸ்டூல் என்ன மாஸ்டர், உங்களுக்கு சோபாவே போடலாம். ஆனா காரணம் வேணுமே? வலிக்குதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. உங்களைப் பார்த்தா எனக்கே வலிக்குது. வலி எதனால வருதுன்னு வலிக் காரண நிலையத்துல எழுதி வாங்கிட்டு வாங்க, அன்னிக்கே ஸ்டூல். மாசக் கடைசிக்குள்ள வாங்கிடுங்க. இல்லைன்னா நிக்க முடிஞ்ச ஆளா ஒருத்தரைப் பார்க்க வேண்டியதுதான். எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

மாசக் கடைசிக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. ஒரு காகிதம் வாங்க இருபத்து மூன்று நாள் எதற்கு என்று மாஸ்டர் நினைத்தார். பாவம்.

வலிக் காரண நிலையம் பெரிய இடம். அங்கே மருந்து கொடுக்க மாட்டார்கள், கட்டுப் போட மாட்டார்கள். காரணம் மட்டும் கண்டுபிடிப்பார்கள். அதற்கென்று இரண்டு கட்டடங்கள். மேட்டின் மேல் இருப்பது மேலுடல் கட்டடம். பள்ளத்தில் இருப்பது கீழுடல் கட்டடம். இரண்டுக்கும் நடுவில் எண்பத்து நாலு படிகள். அதிகாரிகள் மட்டும் படி ஏறாமல் போய்வர ஒரு கண்ணாடி நடை இருந்தது. நோயாளிகள் அதில் கால் வைக்கக் கூடாது.

நுழைவு ஜன்னலில் இரண்டு தாள் கொடுத்தார்கள். மஞ்சள் தாளில் தலையிலிருந்து வயிறு வரை மனித உடம்பின் படம். நீலத் தாளில் தொடையிலிருந்து பாதம் வரை. வலிக்கும் இடத்தில் ஒரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். படத்துக்கு வெளியே புள்ளி விழுந்தால் படிவம் செல்லாது.

மாஸ்டர் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். வெட்டுகிறவர் கண்ணுக்குச் சட்டென்று பட்டுவிட்டது. மஞ்சள் தாள் வயிற்றோடு நின்றுபோகிறது. நீலத் தாள் தொடையில் ஆரம்பிக்கிறது. நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஆளே இல்லை. இந்த வடிவத்தை நம்பி அவர் துணி வெட்டியிருந்தால், பேன்ட் போட்டவன் நடுத்தெருவில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான்.

"சார், இடுப்புக்கு எங்க புள்ளி வைக்கிறது?"

ஜன்னல்காரர் நிமிரவில்லை. "படத்துல எங்க இருக்கோ அங்க."

"படத்துல இடுப்பே இல்லையே."

"அப்புறம் உங்களுக்கு எப்படிங்க அங்க வலிக்கும்?"

பின்னால் நின்ற மனைவி அவர் முழங்கையைக் கிள்ளினாள். "பக்கத்துல எங்கயாவது வைங்க. விவரமானவங்க, அவங்களே புரிஞ்சுப்பாங்க." மாஸ்டர் மஞ்சள் தாளின் கடைசிக் கோட்டின் மேல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி வைத்தார்.

மேலுடல் நிபுணர் நிதானமான மனிதர். வலிக்கிற இடத்தை எடுத்த எடுப்பில் பார்ப்பது அநாகரிகம் என்பது அவர் கொள்கை.

"வலி இல்லாத இடத்தை எல்லாம் முதல்ல கழிச்சிடணும். மிச்சம் இருக்கிறதுதான் வலி," என்றார். உச்சந்தலையிலிருந்து கழிக்க ஆரம்பித்தார். கண் பார்த்தார்கள், காது பார்த்தார்கள், பல்லைத் தட்டி எண்ணினார்கள். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். ஆறாம் நாள் நிபுணர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள். தலையிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே இல்லை. உங்க வலி கீழுடலைச் சேர்ந்தது. இனி அவங்க பாடு."

எண்பத்து நாலு படி இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் இடது உள் தொடையில் யாரோ ஆணி அடித்தார்கள். நீலத் தாளில், தொடை ஆரம்பிக்கிற கோட்டில் புள்ளி வைத்தார். கீழுடல் நிபுணர் சுறுசுறுப்பானவர், ஆனால் வரிசை தவறாதவர். கட்டை விரலில் தொடங்கினார். நகத்துக்கு ஒரு நாள். கணுக்காலுக்கு ஒரு நாள். முழங்காலில் அவருக்கு ஆர்வம் அதிகம், மூன்று நாள் அங்கேயே இருந்தார். ஏழாம் நாள் தொடையில் மேல் நோக்கி அமுக்கிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நின்றுவிட்டார்.

"இன்னும் நாலு விரல் மேல டாக்டர், அங்கதான்," என்று மாஸ்டர் கெஞ்சினார்.

நிபுணர் கையைச் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார். "அய்யய்யோ, அது எல்லைங்க! என் வேலைக்கு உலை வைக்காதீங்க. கால் அருமையா இருக்கு. மேல போய்ப் பாருங்க."

படியின் நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சர்காரர் தன் காலி வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக ஆட்களைத் தூக்கிப் போட்டு இறக்கியவர். மாஸ்டர் மூச்சு வாங்க ஏறிவருவதை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"அண்ணே, குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலையா?"

"முடியலை தம்பி."

"உள் தொடையில இழுக்குதா? காலையில எழுந்ததும் மரத்துப்போன மாதிரி இருந்து, நடக்க நடக்க விட்டுக்குடுக்குதா?"

"ஆமா! உனக்கு யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நீங்க நடக்கிறதே சொல்லுது. இடுப்பு மூட்டு தேஞ்சிருக்கும். ஒரு எக்ஸ்ரே எடுத்தா பளிச்சுன்னு தெரிஞ்சிடும். அஞ்சு நிமிஷ வேலை." பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. போன வருஷம் ஒரு அம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருக்குன்னு சொன்னதுக்கு, மூணு மாசம் ஸ்ட்ரெச்சரைப் பிடுங்கி வச்சுட்டாங்க."

"நிஜமாவே ஒடிஞ்சிருந்ததா?"

"தொங்கிட்டிருந்துது அண்ணே."

மாஸ்டர் எக்ஸ்ரே ஜன்னலுக்கு ஓடினார். அதாவது, ஓடுகிற மனசோடு நொண்டினார். மேல் சீட்டு இருந்தால் மேலே எடுப்பார்கள், கீழ்ச் சீட்டு இருந்தால் கீழே எடுப்பார்கள். நடுவில் எடுக்க அவர்களிடம் மெஷின் இருந்தது, சீட்டுதான் இல்லை. இதற்குள் பதிமூன்று நாள் போய்விட்டது.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, மஞ்சள் தாளையும் நீலத் தாளையும் மாஸ்டர் விரித்தார். நடுவில் வைக்க ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சரியான அளவுக்கு நறுக்கினார். பசை தடவி மூன்றையும் ஒட்டினார். பிறகு துணியில் கோடு போடும் தன் நீலச் சாக்பீஸை எடுத்து, வயிற்றுக் கோட்டிலிருந்து தொடைக் கோட்டுக்கு ஒரே இழுப்பில் ஒரு வளைவு, மறுபக்கம் ஒரு வளைவு. நூல் பிசகவில்லை. இருபத்தாறு வருஷ அனுபவம் முழுக்க அந்த இடுப்பில் இறங்கியிருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என் இடுப்பைவிட நல்லா இருக்கே இது."

"இப்பவாவது அவங்களுக்குப் புரியும்," என்று மாஸ்டர் சொல்லி, அழகான அந்த இடுப்பின் இடது பக்கத்தில் புள்ளி வைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் படிவத்தைப் பார்த்த ஜன்னல்காரர், முதல் முறையாக நிமிர்ந்தார். பிறகு மணியை அடித்தார். அரை மணி நேரத்தில் மாஸ்டரும் மனைவியும் நிலையத் தலைவர் அறையில் நின்றார்கள். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது: நிலையத்தின் ஆவணத்தில் இல்லாத உறுப்பைச் சேர்த்தது, அதில் தனக்கு வலிப்பதாகவும் சொன்னது.

தலைவர் மாஸ்டரைத் திட்டவில்லை. வருத்தப்பட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"ஒரு காலத்துல இது ஒரே கட்டடம்," என்று அவர் ஆரம்பித்தார். "வலின்னு ஒருத்தர் வந்தா, ஒரே டாக்டர் பார்த்து, அன்னிக்கே காரணம் சொல்லி அனுப்பிடுவார். எவ்வளவு பின்தங்கிக் கிடந்தோம், நினைச்சுப் பாருங்க! அப்புறம்தான் உடம்பை ரெண்டாப் பிரிச்சோம். பிரிக்கிறப்ப இடுப்பு யாருக்குன்னு சண்டை. ஏழு மாசம் ரெண்டு கட்டடமும் பேசிக்கலை. நான்தான் நடுவுல போனேன். மேலுடல் ரெண்டு விரல் விட்டுக்குடுத்தாங்க. கீழுடலும் ரெண்டு விரல் விட்டுக்குடுத்தாங்க. அந்தப் பெருந்தன்மைக்கு எனக்கு விருது குடுத்தாங்க, அதோ பாருங்க, சுவத்துல. அந்த நாலு விரல்தான் இந்த நிலையத்தோட நிம்மதி. அதுல போய் நீங்க சாக்பீஸால கிறுக்கியிருக்கீங்க."

"ஐயா, வலிக்குதுங்க."

"வலிக்கட்டும். வலிக்கு நாங்க என்னிக்காவது குறுக்க நின்னிருக்கோமா? பதினெட்டு வருஷத்துல இடுப்பு வலின்னு ஒரு கேஸ்கூட இங்க பதிவாகலை. ஒண்ணுகூட! இப்படி ஒரு நிலையத்தை எங்கயாவது காட்டுங்க பார்ப்போம்."

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "சார், மாசக் கடைசிக்குள்ள அவருக்கு ஒரு காகிதம் வேணும். இல்லைன்னா வேலை போயிடும். உங்க கோட்டை நீங்களே வச்சுக்குங்க. காரணம் மட்டும் எழுதிக் குடுங்க."

தலைவர் யோசித்தார். அவரும் மனிதர்தானே. முடிவில், நாளைக்கு இரண்டு நிபுணர்களும் சேர்ந்து எல்லையை நேரில் அளந்து, வலி மேலேயா கீழேயா என்று தீர்மானிக்கட்டும் என்று உத்தரவு போட்டார். மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அளவெடுப்பு கண்ணாடி நடையில், இரண்டு கட்டடமும் சந்திக்கிற கதவு நிலையில் நடந்தது. அங்கே நோயாளிக்கு அனுமதி இல்லை என்றாலும், எல்லைக்கு அனுமதி உண்டு என்பதால் மாஸ்டரை விட்டார்கள். மனைவி எல்லை இல்லை. அவளைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள்.

"உட்கார்ந்துக்கலாமா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"கூடவே கூடாது," என்றார் மேலுடல் நிபுணர். "உட்கார்ந்தா இடுப்பு மடங்கும். மடங்கின எல்லையை அளக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு."

கீழுடல் நிபுணர் தரையிலிருந்து மேல் நோக்கி அளந்தார். மேலுடல் நிபுணர் தலையிலிருந்து கீழ் நோக்கி அளந்தார். இருவர் கணக்கையும் கூட்டினால் மாஸ்டர் தன்னைவிட ஒரு சாண் உயரமாக இருந்தார். மறுபடி அளந்தார்கள். இந்த முறை ஒரு சாண் குட்டையானார்.

"சார், டேப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க," என்று மாஸ்டர் தாங்க முடியாமல் சொன்னார்.

"எல்லை பேசக் கூடாது," என்றார்கள்.

ஒரு மணி நேரம் போயிற்று. நிபுணர்களுக்கு நாற்காலி வந்தது, பிறகு டீ வந்தது. தலைவர் வந்து பார்த்து, ரொம்ப அழகாகப் போகிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். இரண்டாம் மணியில் மாஸ்டரின் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. அசைந்தால் முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார்கள். அசையாமல் நின்றார், அவர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழகியவர் இல்லை. மூன்றாம் மணியில் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. மனைவி கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். உள்ளே சத்தம் கேட்காது, நல்ல கண்ணாடி.

மூன்றரை மணி நேரம் நின்ற பிறகு மாஸ்டர் விழுந்தார். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் போட்ட அலறல் கண்ணாடியைத் தாண்டி மனைவிக்குக் கேட்டது.

நிபுணர்கள் இருவரும் குனிந்து, அவர் எங்கே விழுந்திருக்கிறார் என்றுதான் பார்த்தார்கள். இடுப்பு சரியாகக் கதவு நிலையின் மேல் கிடந்தது. ஸ்ட்ரெச்சர்காரர் ஓடிவந்து அவரைப் பதமாகத் தூக்கி வைத்தார். "எந்தப் பக்கம் கொண்டுபோறது?" என்றார். மேலுடல் நிபுணர் கீழே கையைக் காட்டினார், கீழுடல் நிபுணர் மேலே கையைக் காட்டினார். தலைவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொன்னார்.

"எதுக்குச் சண்டை? தலை அந்தப் பக்கம் இருக்கட்டும், கால் இந்தப் பக்கம் இருக்கட்டும்."

அப்படியே வைத்தார்கள். ஒன்பது நாள், மாஸ்டர் கதவு நிலையில் ஸ்ட்ரெச்சரோடு கிடந்தார். அவர் நடுவில் கிடப்பதால் கதவைச் சாத்த முடியவில்லை என்று இரண்டு கட்டடத்திலிருந்தும் புகார் வந்தது. முதல் இரண்டு நாள் கத்தினார். பிறகு கத்தத் தெம்பில்லாமல் முனகினார். மேலுடலில் ஒரு வலி மாத்திரையை வாயில் போட்டார்கள். விழுங்கினால் அது தங்கள் பக்கம் இறங்குமே, யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்று கீழுடல் எழுதிக் கேட்டது. அதோடு மாத்திரை நின்றது. கீழுடல் தன் பங்குக்கு நகம் வெட்டிவிட்டது. மனைவியைத் தினமும் பத்து நிமிஷம் விட்டார்கள். அவள் அவர் நெற்றியைத் துடைப்பாள். அப்புறம் யாரிடம் போய் அழுவது என்று தெரியாமல் ஸ்ட்ரெச்சர்காரரிடம் அழுவாள்.

"ஒடிஞ்சிருக்கு அக்கா," என்றார் அவர், யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று. "உடனே சேர்த்து வைக்கணும். நாள் போனா ஒண்ணும் பண்ண முடியாது." அதற்கு மறுநாள் அவரிடமிருந்த இன்னொரு ஸ்ட்ரெச்சரைப் பிடுங்கிவிட்டார்கள். மாஸ்டர் கிடந்ததை மட்டும் விட்டுவைத்தார்கள்.

ஒன்பதாம் நாள், மாசக் கடைசி. தலைவர், நிபுணர்கள், ஜன்னல்காரர் எல்லோரும் நடையில் கூடினார்கள். இடம் போதாமல் சிலர் மாஸ்டரைத் தாண்டிப் போய் நின்றார்கள். தலைவர் சான்றிதழை உரக்க வாசித்தார்.

"கண்டறியப்பட்ட காரணம்: நீண்ட நேரம் நின்றது."

எல்லோரும் கைதட்டினார்கள். தலைவர் கையமர்த்திவிட்டுப் பேசினார்.

"வழக்கமா நாங்க காரணத்தை ஊகிச்சுத்தான் எழுதுவோம். இந்தக் கேஸ்ல மட்டும்தான், காரணம் ஆரம்பிச்சதுல இருந்து முடியிற வரைக்கும் கூடவே இருந்து, எங்க கண்ணாலயே பார்த்திருக்கோம். இந்த வாய்ப்பைக் குடுத்த நோயாளிக்கு நிலையம் நன்றி சொல்லுது. அந்த சாக்பீஸ் விவகாரத்தையும் மன்னிச்சுட்டோம்."

"காரணம் தெரிஞ்சிடுச்சில்ல?" என்றாள் மனைவி. "இப்பவாவது இடுப்பைச் சரி பண்ணுங்க."

"அம்மா," என்றார் தலைவர் அன்பாக, "நாங்க காரண நிலையம். சரி பண்றதெல்லாம் வேற இடம்."

வேறு இடத்தில் சரி பண்ணுகிற டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். மூட்டு தேய்ந்துதான் இருந்தது, எலும்பு ஒடிந்துதான் இருந்தது. ஸ்ட்ரெச்சர்காரர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. ஒன்பது நாள் முன்னால் வந்திருக்கலாமே என்று மட்டும் கேட்டார். ஆனதைச் செய்தார்கள். இடது கால் இரண்டு விரல் குட்டையாகிப்போயிற்று, இடுப்பு மடங்குவதை மறந்துவிட்டது. மாஸ்டரால் இனி படுக்க முடியும். யாராவது பிடித்துக்கொண்டால் கொஞ்சம் நிற்கவும் முடியும். உட்கார மட்டும் முடியாது.

இரண்டு மாதம் கழித்து, அவருடைய பெரிய கத்திரியை வாங்கிவர மனைவி தொழிற்சாலைக்குப் போனாள். மானேஜர் அவளைப் பார்த்ததும் கண்ணாடி அறையைவிட்டு வெளியே வந்தார்.

"சொன்ன சொல் தவறலைம்மா. காகிதம் வந்த அன்னிக்கே ஆர்டர் போட்டுட்டேன். போய்ப் பாருங்க."

வெட்டு மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. நல்ல மரம், மேசைக்கு அளவெடுத்துச் செய்த உயரம். அதன் மேல் கயிறு கட்டி ஒரு அட்டை மாட்டியிருந்தது: காரணச் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும் உட்காரவும்.

புதுக் கட்டிங் மாஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும். இடது இடுப்பை மேசை விளிம்பில் அழுத்தி, அந்தப் பக்கம் எட்டி வெட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து, பழைய மாஸ்டரின் கத்திரியைத் துடைத்துக் கொடுத்தான். கொடுத்துவிட்டு இடுப்பைத் தேய்த்துக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்றான் மெதுவாக. "ரெண்டு வாரமா காலையில செருப்பு மாட்ட முடியலை. அந்தக் காகிதம் மாஸ்டர் எங்க வாங்கினார்?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த கத்திரியால் ஸ்டூலில் கட்டியிருந்த கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாள். அட்டை கீழே விழுந்தது.

"எங்கயும் போகாதே. உட்காரு," என்றாள்.

அவன் ஸ்டூலைப் பார்த்தான். கண்ணாடி அறையைப் பார்த்தான். அப்புறம் மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து, அட்டையை எடுத்து, கயிற்றை முடிச்சுப் போட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டினான்.